ஏகாம்பரத்தின் கரடி நடை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, காபி தம்ளரைக் கையில் எடுத்த நேரத்தில் போன் வந்தது. ஏகாம்பரத்தின் மகள். "மாமா, அப்பா தூக்கத்துலயே போய்ட்டாரு" என்றாள். "போர்வையை மடிச்சி வெச்சிட்டாம்மா போனான்?" என்று கேட்டுவிட்டேன். அழுதுகொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள்.

ஊருக்கு அவர் ஏகாம்பரம் ஐயா. எனக்கு 'அவன்'தான், மன்னிக்க வேண்டும். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரே தறியில் வேலை செய்தோம். அவன் தறிக்குழியில் இறங்கி மிதிகட்டையை மிதித்து, நூல் சுற்றிய நாடாவை வீசிப் புடவையின் உடலை நெய்வான். நான் வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கான நாடாவை வீசுவேன். எழுபத்தொன்றில், சண்டை வரும் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த மாதங்களில், இருவரும் சேர்ந்தே ராணுவத்தில் சேர்ந்தோம்.

பயிற்சி முகாமில் விடியுமுன் விசில். பச்சைத் தண்ணீரில் சவரம், எனாமல் குவளையில் டீ, ஓட்டம், அணிவகுப்பு, துப்பாக்கி துடைப்பது, இருட்டியதும் தூக்கம். ஏகாம்பரம் கம்பளியைப் பட்டுப்புடவை மாதிரி ஓரம் பிசகாமல் மடிப்பான். ஹவில்தார் மற்றவர்களைக் கூட்டிவந்து காட்டுவார்.

அதே ஹவில்தார் மைதானத்தில் அவனைக் கண்டால் தலையில் அடித்துக்கொள்வார். வலது காலால் மிதித்து வலது கையால் நாடா வீசிய உடம்பு அது. அணிவகுப்பிலும் வலது காலோடு வலது கையே போகும். திருநெல்வேலிக்காரரான அவர், "ஏலே, கரடியால்லா நடக்க!" என்று கத்துவார். அறுபது பேரும் சிரிப்போம். முதலில் சிரிப்பவன் ஏகாம்பரம்.

சனிக்கிழமை தேர்வு என்றதும் சிரிப்பு நின்றது. தேறாதவன் அடுத்த அணியோடு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். "நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஆயிடுவோம் வரதா" என்றான். "கையை மாத்துபா" என்று நான் சொல்லச் சொல்ல இன்னும் குழம்பி, நடுமைதானத்தில் அசையாமல் நின்றுவிடுவான்.

வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டு பெஞ்சுக்கடியில் அவன் கால்கள் தறி மிதித்துக்கொண்டிருந்தன. சட்டென்று நிமிர்ந்தான். "இன்னாபா, இவ்ளோ நாள் தோணலியே! காலை நான் மிதிக்கிறேன். வலது கை என்னுது இல்ல, உன்னுதுனு வெச்சிக்கிறேன். நான் எடது காலை வெக்கறப்போ நீ வீசு."

மறுநாள் அவனுக்கு வலப்பக்கம் நான் நின்றேன். இடது கால், வலது கை. மைதானத்தின் கடைசிவரை பிசகவே இல்லை! ஹவில்தார் வாயைப் பிளந்து, "எவம்ல ஒனக்குச் சொல்லிக்குடுத்தது?" என்றார். "ரெண்டு ஆளு நெய்யறோம் சார்!" என்று கத்தினான். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தேறிவிட்டான். எனக்கு அங்கேயே அவனைத் தூக்கிச் சுற்றவேண்டும்போல் இருந்தது.

இருவருக்கும் ஒரே படைப்பிரிவு கிடைத்தது. நாங்கள் எல்லையை எட்டுவதற்குள் சண்டை முடிந்துவிட்டது. "நாம வந்துக்கினு இருக்கோம்னு தெரிஞ்சி முடிச்சிக்கினாங்கபா" என்று சாகும்வரை சொன்னான்.

புதன்கிழமை, பாடைக்கு வலப்பக்கமாகப் பாலாறு வரை நடந்தேன். பாதி வழியில் என் மகன், "இன்னாப்பா ஒரு மாதிரி நடக்கறே?" என்றான். குனிந்து பார்த்தேன். வலது காலோடு வலது கை போய்க்கொண்டிருந்தது. நான் மாற்றவில்லை. என் கையை வாங்கிக்கொண்டு அவன் தேறினான். அவன் நடையை நான் வைத்துக்கொள்கிறேன்.