மினுக்கிக்குக் குரல் கொடுத்தவள்

குரலை விற்றுச் சாப்பிடுகிறவர்களுக்குத் தொண்டைதான் முதலாளி. வகுப்பில் கத்தும் டீச்சர்மாரே, பஸ்ஸில் கத்தும் கொண்டக்டர்மாரே, என் பாடு உங்களுக்குத்தான் விளங்கும். போனில் விளையாடும் ஒரு தமிழ் கேமில், மினுக்கி என்ற குட்டித் தேவதைக்குக் குரல் கொடுப்பது என் வேலை. விளையாடுகிறவர் காட்டுக்குள் வழி தவறினால் மினுக்கி தோள் பக்கம் பறந்து வந்து வழி சொல்வாள். விழுந்தால் தூக்கிவிடுவாள். அவ்வளவுதான் அவள் உத்தியோகம்.

அலுமாரிக்குள் தேவதை

கட்டுகஸ்தோட்டையில் ஒரு மாடி அறை. ரோட்டுச் சத்தம் விழக்கூடாதென்று உடுப்பு அலுமாரிக்குள் போர்வையைக் கட்டி, அதற்குள் என்னை நிற்க வைத்துத்தான் பதிவு. எனக்கோ நாற்பத்தாறு வயது, நல்ல உடம்பு, கதவு மூடினால்தானே! முதல் நாள், "அந்தப் பக்கம் போகாதீங்க, பள்ளம்!" என்று பதினெட்டுத் தடவை சொன்னேன். ஒலிப்பதிவு செய்யும் பர்ஹான் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அக்கா, நீங்க ஏசுறீங்க. மினுக்கி கையளவுதான் இருப்பா. பயந்து சொல்லணும்."

பாரத்தில் இல்லாத தொழில்

இரண்டு வருஷம் நன்றாகத்தான் போனது. பிறகு கழுத்தில் ஒரு கட்டி. எடுத்தே ஆக வேண்டும், எடுத்தால் பழைய குரல் வராமலும் போகலாம் என்றார் டொக்டர். கட்டியைவிட அதுதான் எனக்குப் பயம். பன்வில தேயிலைத் தோட்டத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். மினுக்கி வந்த பிறகுதான் என் பேச்சை நாலு பேர் காது கொடுத்துக் கேட்டார்கள். அதுவும் போய்விட்டால் நான் யார்?

ஆஸ்பத்திரியில் விண்ணப்பப் பாரம் நிரப்பிய தாதி என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். பேனையைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

"தேவதைன்னு எழுத ஏலாதே, அக்கா. வீட்டு வேலைன்னு போடவா?"

தகரத்தில் மழை

ஒப்பரேஷனுக்கு முன்னால் மிச்ச வசனத்தையெல்லாம் ஒரே வாரத்தில் பேசி முடிக்க வேண்டும். பாழாய்ப்போன மழை, கூரைத் தகரத்தில் மூன்று மணி நேரம் கொட்டியது. ஒரு வரி எடுக்க முடியவில்லை. அலுமாரிக்குள் நின்றே அழுதுவிட்டேன். பர்ஹான் ஒரு பிளேன்டீயை நீட்டினான்.

"மழை விடும், அக்கா. நாங்க எங்கயும் போகமாட்டோம்."

தெல்தெனியவிலிருந்து ஒரு மெசேஜ்

எப்படியோ மிச்சத்தைப் பேசி முடித்தேன். கட்டியை எடுத்து இரண்டு மாதம் கழித்து, கேமின் அடுத்த பாகத்துக்காக மறுபடி பேசினேன். தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு குரல். முடிவு சொல்ல பர்ஹானுக்கு வாய் வரவில்லை. தினமும் விளையாடுகிற சிலருக்குப் புதுப் பதிவை அனுப்பிக் கேட்போம் என்றான். எனக்கும் சரியென்று பட்டது. பிடிக்கவில்லை என்று அவர்கள் சொன்னால் சண்டை பிடிக்கலாம் என்றுதான் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். முதல் பதில், தெல்தெனியவில் கார்மென்ட்ஸில் தைக்கும் ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. பர்ஹான் மெதுவாக வாசித்தான்.

"மினுக்கிக்கு உடம்பு முடியலையா? தொண்டை கட்டியிருக்கே, பாவம். அவளைப் பேச வைக்காதீங்க. வழிய நாங்களே பார்த்துக்குவோம்."

வேறு ஆளைப் பார் என்று அன்றைக்கே பர்ஹானிடம் சொல்லிவிட்டு பஸ்ஸில் அழுதுகொண்டுதான் வந்தேன். ஆனாலும் இத்தனை பாசமாக யாரையும் வேலையை விட்டு நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை.