தலைப்பு மேலேதான் இருக்கும் என்று நம்பியது

வாத்தியார் நோட்ஸ் வாங்க வந்த அன்று தேரடித் தெரு அச்சகத்தில் நான்கு பேர் இருந்தோம்: ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார், முதலாளி, மிஷின்காரர், அச்சுக் கோர்க்கிற நான். நான் ஏழாவதோடு நின்றவன். இங்கிலீஷ் எழுத்து தெரியும், பொருள் தெரியாது.

உவமை, உருவகம் முதலிய அணிகளைப் பரீட்சைக்காக இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருந்தார் வாத்தியார். முதலில் விளக்கம், அதன் கீழே அணியின் பெயர். நான் அதுவரை கோர்த்த தீபத் திருவிழா நோட்டீஸிலெல்லாம் தலைப்பு மேலேதான் இருக்கும். அதனால் ஒவ்வொரு பெயரையும் அடுத்த விளக்கத்துக்குத் தலைப்பாக்கிவிட்டேன். கடைசிப் பெயருக்குக் கீழே ஒன்றுமில்லை. அச்சேறுவதற்கு முன்பே முதலாளியிடம் சொன்னேன்.

"கடைசியில ஒன்னும் இல்லீங்க. வாத்தியாரை ஒரு வார்த்தை கேட்டுடலாங்களா?"

"நீ பி.ஏ.வாடா? இருக்கிறதைப் போடு. புரூஃப் பாக்கல்லாம் நேரமில்ல."

வீட்டில் ஐந்து பேர் என் சம்பளத்தில் சாப்பிட்டார்கள். கோர்த்ததை அப்படியே மிஷினுக்குக் கொடுத்தேன்.

இப்போது வாத்தியார் நோட்ஸைப் பிரித்துவிட்டுக் கத்தினார். "உருவகத்துக்கு உவமைன்னு பேர் போட்டிருக்கீங்களே! பசங்க பாஸாவறதா வேணாமா?"

"எல்லாத்துக்கும் தலையை மாத்திட்டியேப்பா, பிள்ளையாருக்கு வெச்ச மாதிரி" என்று மிஷின்காரர் சிரித்தார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "சந்தேகம்னா வந்து கேக்கறதில்லையாடா?"

திரும்ப அச்சடித்த காகிதத்துக்கென்று என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். பிடித்ததைத் தீபத் திருவிழா முடிந்ததும் திருப்பித் தருகிறேன் என்றார். எத்தனையோ தீபம் முடிந்துவிட்டது. அவர் எனக்குத் தர வேண்டியது ஏழு ரூபாய் எட்டணா.