இலை பழுக்குமுன் தோண்டிய கிழங்கு

அந்த வருஷம் எங்கள் வீட்டில் சர்க்கரைவள்ளிக் கிழங்கை எப்போது தோண்டுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் மாமா ஒருவருக்கே இருந்தது. அம்மாவின் தம்பி. தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வந்து செக்யூரிட்டி வேலை பார்த்தவர். இருமல் முற்றி ரயிலேற முடியாமல் போனதும் அங்கேயே ஜோகுபாளையத்தில் எங்களோடு தங்கிவிட்டார். கல்யாணம் ஆகாதவர், பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை.

மழைக்காலத்தில், கொஞ்சம் தெம்பாக இருந்த ஒரு நாள், குளியலறைக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவிலிருந்த துண்டு நிலத்தில் கொடிகளை நட்டார். இலை மஞ்சளாகப் பழுக்க வேண்டும், மண் வெடிப்பு விட வேண்டும், அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது என்றார். பொங்கலுக்குச் சரியாக இருக்குமாம். அப்புறம் படுத்த படுக்கையாகிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொடியைப் பார்த்துவிட்டு அவரிடம் போய்ச் சொல்வது என் வேலை. "இன்னும் பச்சைதான் மாமா" என்பேன். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்பார், ஏதோ நல்ல செய்தி கேட்டதுபோல.

கார்த்திகையில் ஒரு நாள் அம்மா ஆஸ்பத்திரிக்கு அவருடைய ரிப்போர்ட்டை வாங்கப் போனாள். ஆட்டோவில் திரும்பி வந்தவள் புடவையைக்கூட மாற்றாமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனாள். பின்னாலேயே ஓடினேன்.

"அம்மா, இலை பழுக்கவே இல்லம்மா. மாமா திட்டுவாரு."

"திட்டட்டும். நீ போய் கூடை எடுத்தா."

கொடியை இழுத்துப் போட்டுவிட்டுத் தோண்டினாள். வந்ததெல்லாம் விரல் பருமனில் வேர்கள். ஒன்றிரண்டுதான் கிழங்கு என்று சொல்லும்படி இருந்தன. தோண்டியதும் சில நாள் ஆறப்போட்டால்தான் தித்திப்பு ஏறும் என்றும் மாமா சொல்லியிருந்தார். அம்மா அப்போதே கழுவி வேகவைத்து அவர் கட்டிலுக்குக் கொண்டுபோனாள்.

மாமா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாத்துக்குக்கா இவ்ளோ அவசரம்?"

"பெருச்சாளி பறிக்குதுடா. இருக்கறதையாவது எடுத்துடலாம்னுதான்..."

அவர் ஒரு கிழங்கைக் கையில் எடுத்தார். தோலை உரித்து, மெதுவாக, ஒன்று விடாமல் தின்றார். "நல்லா தித்திப்பா இருக்குக்கா" என்றார். நடுவில் எனக்கும் ஒரு துண்டு கொடுத்திருந்தார். நாரும் சப்பென்ற மாவும்தான். அம்மா காலித் தட்டை வாங்கிக்கொண்டு வெளியே போனாள்.

பெருச்சாளியும் கிடையாது, தித்திப்பும் கிடையாது. பெரியவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து பொய் சொல்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரம். தான் போட்ட சட்டத்தை மாமாவே விட்டுக்கொடுத்தது இன்னும் பெரிய ஆத்திரம். பொங்கல்வரை தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்குத் தெரியவந்தது வெகு காலம் கழித்து. தாங்கவும் இல்லை.

சண்டை போடுவதற்காகப் பின்பக்கம் போனேன். பிடுங்கிப் போட்ட கொடிகளுக்கு நடுவே அம்மா உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கிழங்கு வீணாய்ப்போன துக்கம் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சமாதானம் சொன்னேன்.

"அழாதம்மா. அடுத்த மழைக்கு மாமாவ மறுபடி நடச் சொல்லலாம்."

அதுவரை அடக்கி வைத்திருந்த சத்தம் அப்போதுதான் அவளிடமிருந்து வெளியே வந்தது. நான் சொன்னதில் என்ன தப்பு என்று எனக்கு விளங்கவே இல்லை.