டேங்க் எஞ்சினும் என் வீட்டுச் சாவியும்

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. பால் பொங்குவதற்குள் அடுப்படிக்கும் வாசலுக்கும் நான்கு நடை நடந்துவிடுவேன். அப்படிப்பட்டவள் ஓர் எஞ்சினுக்காக எட்டு மாதம் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் என் வீட்டிலேயே நம்பமாட்டார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். போத்தனூருக்கு அப்பால் ஓர் ஆலையில் தட்டச்சு வேலை எனக்கு. ஆலைக்குள் ஓடிய தண்டவாளத்தின் கடைசியில் ஒரு சின்ன நீராவி எஞ்சின் நின்றது. இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்தது. தண்ணீருக்கென்று பின்னால் தனி வண்டி கிடையாது. கொதிகலனின் இரு பக்கமும் தொட்டிகளைத் தானே சுமக்கும். அதனால்தான் அதை டேங்க் எஞ்சின் என்பார்கள். டீசல் வந்ததும் ஓரங்கட்டிவிட்டார்கள். பழைய இரும்பாக விற்க வேண்டிய சாமான்களின் பட்டியலை நான்தான் தட்டச்சு செய்தேன். ஏழாவது வரியில் அதுவும் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

பழைய எஞ்சின்களைக் காப்பாற்றும் சங்கம் ஒன்று மெட்ராஸில் இருப்பதாகக் கேள்விப்பட்டு எழுதினேன். தயாரிப்பு எண் தெரிந்தால்தான் அதன் வரலாற்றைத் தேடி, விற்பனையை நிறுத்தக் கேட்க முடியும் என்று பதில் வந்தது. எண் இருந்த பித்தளைத் தகடு எப்போதோ காணாமல் போயிருந்தது. சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டிலும் எண்ணைக் குத்தியிருப்பார்கள், நேரில் வருகிறோம், தேதி சொல்லுங்கள் என்றார்கள். நான்தான் பெரிய புத்திசாலி ஆயிற்றே! ஆயுத பூஜை அன்று வரச் சொன்னேன். அன்றைக்குத்தான் எஞ்சின் பளபளவென்று இருக்கும்.

இருந்தது. அதை முப்பது வருடம் ஓட்டிய டிரைவர் முந்தின நாள்தான் ஒரு டப்பா பச்சைப் பெயிண்டை அதற்கு அடித்து முடித்திருந்தார். தொட்டி, சக்கரம், தண்டு எல்லாம் பச்சை. வருடாவருடம் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்ததில் தண்டைத் தடவினால் வழவழவென்றிருந்தது. எண் எங்கே என்றே தெரியவில்லை.

சங்கத்திலிருந்து வந்தவருக்கு மாலையில் ரயில். விற்பனை அடுத்த வாரம். சுரண்ட ஓர் உளி கேட்டேன். உளி, ரம்பம், ஸ்பேனர் எல்லாம் சந்தனப் பொட்டோடு வரிசையாகப் படுத்திருந்தன.

"இன்னைக்கு ஆயுதத்தத் தொடக் கூடாதுங்க அம்மணி," என்றார் டிரைவர். "நாளைக்கு எடுத்துத் தாரனுங்க."

"நாளைக்கு இவரு இருக்க மாட்டாருங்க!"

"அதுக்கு நான் என்னங்க பண்ணட்டும்?"

தண்டவாளத்தோரம் இங்கும் அங்கும் நடந்தேன். கைப்பையில் வீட்டுச் சாவி இருந்தது. அதற்கு யாரும் பொட்டு வைக்கவில்லை. மண்டியிட்டுச் சுரண்ட ஆரம்பித்தேன். புடவையெல்லாம் பச்சை.

"நேத்துத்தானுங்க அடிச்சேன்," என்றது பின்னாலிருந்து டிரைவரின் குரல். நான் திரும்பவில்லை.

முதலில் ஓர் ஒன்று தெரிந்தது. அப்புறம் ஓர் ஏழு. கடைசி இலக்கமும் தெரிந்ததும் சங்கத்துக்காரர் குழந்தை மாதிரிக் கைதட்டினார்.

"இனி இத என்னங்க பண்ணுவாங்க?" என்று கேட்டார் டிரைவர்.

"காப்பாத்திருவாங்க. மெட்ராஸ்ல கூரை போட்டு வெப்பாங்க."

"அப்ப இங்க இருக்காதுங்களா?"

எட்டு மாதத்தில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

விற்பனைப் பட்டியலிலிருந்து எஞ்சினை எடுத்தார்கள். லாரியில் ஏற்றிய அன்று டிரைவர் வேலைக்கு வரவில்லை. அதன்பின் என்னிடம் பேசவும் இல்லை.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு அலுவலகத்துக்குள் வந்தார். என் தட்டச்சு இயந்திரத்துக்குப் பொட்டு வைத்தார். பிறகு கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்க அம்மணி."

கொடுத்தேன். அதற்கும் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, இயந்திரத்தின் பக்கத்தில் படுக்க வைத்தார்.

"நாளைக்கு எடுத்துக்கலாமுங்க."

அன்று மாலை, என் கணவர் தன் சாவியோடு வரும்வரை, பூட்டிய வீட்டின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு முறைகூட எழுந்து நடக்கவில்லை.