வனஜா கட்டிய தறிக்கூடம்

போன வருடம் ஒரு ஞாயிறு, என் கல்லூரித் தோழி வனஜாவோடு ஆரணிக்குப் போனேன். வழி முழுக்க அவள் கால்கள் தட்டிக்கொண்டே இருந்தன. செல்போனை எடுப்பாள், பார்ப்பாள், வைப்பாள்... மறுபடி எடுப்பாள்.

காரணம் இருந்தது. வனஜா சென்னையில் ஒரு வீடு கட்டும் கம்பெனியின் ஜெனரல் மேனேஜர். தொண்ணூறுகளில் அங்கே ரிசப்ஷனிஸ்ட்டாகச் சேர்ந்தவள். வேலை முடிந்ததும் சைட்டுக்குப் போய், மேஸ்திரிகளைக் கேள்வி கேட்டுக் கேட்டே தொழில் கற்றாள். சேல்ஸ், பிளானிங் என்று ஏறியவளுக்கு ஓர் ஆசை — பிறந்த ஊரான ஆரணியில் நெசவாளர்களுக்கு வீடு கட்ட வேண்டும்.

ஏன்? இவளும் பட்டு நெசவுக் குடும்பம்தான். வீட்டின் ஒரே பெரிய அறை தறிக்கு. மிச்ச இடத்தில்தான் சமையல், படிப்பு, தூக்கம். "தறிக்குன்னு காத்தோட்டமா தனி ரூம் இருந்தா எப்படி இருக்கும்!" என்று கல்லூரி நாட்களிலேயே சொல்வாள்.

முதலாளி தயங்கினார். "ஆரணியில யாரும்மா நம்மகிட்ட வாங்குவாங்க? விக்கலைன்னா நீதான் பதில் சொல்லணும்."

சொல்கிறேன் என்றாள். களம்பூர் ரோட்டில் வீடுகள் எழும்பின. அந்த ஞாயிறுதான் மாதிரி வீட்டைத் திறந்தார்கள்.

நல்ல கூட்டம்! வந்தார்கள், விசாலமான தறிக்கூடத்தைப் பார்த்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், "நல்லா கீதுங்க" என்றார்கள்... போய்விட்டார்கள். மதியம் வரை ஒரு புக்கிங் இல்லை.

வனஜாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மல்லிகா என்ற இளம் நெசவாளி கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்டிலேயே மடக்கினாள்.

"வீடு பிடிக்கலையாம்மா?"

"வூடு சூப்பரா கீதுக்கா. ஆனா இம்மாம் பெரிய ரூமைத் தறிக்குக் குடுத்துட்டீங்களே?"

"நீங்க நெய்யறவங்களாச்சே!"

மல்லிகா தயங்கினாள். "தப்பா எடுத்துக்காதீங்க. எந்நேரமும் அந்தத் தறி நம்மளையே பாத்துகினு கீது. ஜுரம்னு படுத்தாக்கூட பேஜாரு. வேலைக்குப் போயிட்டு வூட்டுக்கு வரணும்க்கா... அவ்ளோதான்."

வனஜா வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ரோட்டோரக் காலி மனையைக் காட்டினாள். "அங்க எல்லாத் தறிக்கும் சேர்த்து ஒரு ஷெட் போட்டா? இந்த ரூமைத் தடுத்து ரெண்டு பெட்ரூம் பண்ணிட்டா?"

"நெஜமாவா? எங்க வூட்டுக்காரரை ஜல்தியா இட்டுகினு வரேன்!"

வனஜா அங்கேயே முதலாளிக்கு போன் போட்டாள். "நான்தான் தப்பா பிளான் பண்ணிட்டேன் சார். மாத்தணும்." அவர் கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. கடைசியில் சம்மதித்தார். ஆனால், அடுத்து வரவிருந்த வந்தவாசி புராஜெக்டை இவளிடமிருந்து பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

ஷெட் வந்தது. வீடுகள் விற்றன. முதல் வீடு மல்லிகாவுக்கு.

"வந்தவாசி போனதுல வருத்தமா?" என்று கேட்டேன்.

"இருக்காதா? ஆனா அதைவிட இதுதான் உறுத்துது. அந்த ரூமுக்கு ஏங்கினது நான். ஊரே ஏங்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்..."

நமக்குக் கிடைக்காததை அடுத்தவருக்குக் கொடுக்க நினைப்பது நல்ல மனசுதான். யார் இல்லை என்றது?

ஆனால், அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் அவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே!