லியோன் மாமாவின் ஞாயிற்றுக்கிழமை பீடி

என் அக்கா ஆக்சிலியாவின் கணவர் லியோன் மாமாவுக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டிய உடம்பு. ஜனவரியில் தொப்பூர் இறக்கத்தில் முன்னால் போன வண்டியில் மோதி, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. கிளட்ச் மிதிக்கிற கால். உள்ளே கம்பி வைத்த டாக்டர், "எலும்பு கூடணும்னா பீடிய மறந்துடுங்க. புகை போனா அந்த எடத்துக்கு ரத்தம் சரியா ஓடாது" என்றார்.

மாமா அசரவில்லை. வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து நாற்பது நாளும் பீடியை விடுகிற ஆள் அவர். "எலும்பு கூடற வரைக்கும் எனக்குத் தவக்காலந்தாங்க" என்றார். அக்கா பூரித்துப் போனாள்.

ஆனால் தவக்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி நோன்பு கிடையாது. அன்றைக்குக் கறியும் உண்டு, பீடியும் உண்டு. மாமாவுக்கு அந்தச் சலுகை மறக்குமா? பூசை முடிந்ததும் ஒரு கட்டு. பிறகு சனி சாயங்காலப் பூசையிலிருந்தே ஞாயிறு தொடங்கியது. அப்புறம் புனிதர்களின் திருநாள்கள் வேறு. அந்த மனிதரின் காலண்டரை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அக்காவுக்குத் தெரியாமல் கட்டு கட்டாக வாங்கிக் கொடுத்தது நான்தான். ஊன்றுகோலோடு வாசலுக்கும் ரோட்டுக்கும் அலைந்து, போகிற லாரிகளை வெறித்துப் பார்த்து, "வூட்டுல இருந்தா பைத்தியம் புடிக்குது மாப்ள" என்பார். அந்தத் தவிப்பை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஆகஸ்டில் அரூரிலிருந்து தருமபுரி ஆஸ்பத்திரிக்கு மாமாவையும் அக்காவையும் என் ஆட்டோவில் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயில் முறிவு அப்படியே கோடாகத் தெரிந்தது. இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து வைத்து மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டுமாம்.

"பீடி குடிக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"மாதா சத்தியமா இல்லீங்க."

அக்காவும் ஆமாம் என்று தலையாட்டினாள். அவள் நம்பித்தான் ஆட்டினாள். இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால் வைக்கிற எலும்பும் கூடாமல் போகலாம். மாமா அப்புறம் எந்தக் காலத்தில் லாரி ஏறுவது?

"ஞாயித்துக்கெழமை குடிக்கிறாருங்க. வாங்கித் தர்றது நான்தாங்க" என்றேன்.

டாக்டர் பேனாவை மூடினார். "ரெண்டு மாசம் ஒரு பீடிகூடத் தொடக் கூடாது. அப்புறந்தான் ஆபரேஷன்."

மாமா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. வெளியே வந்து ஆட்டோவைக் கிளப்பினேன்.

"வாங்கிக் குடுத்த வரைக்கும் போதும், நீ போடா ஜோசப்பு" என்றாள் அக்கா. மாமாவின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அரூர் பஸ் எங்கே நிற்கும் என்று யாரிடமோ விசாரித்தாள்.