சுவரோடு சுவராய் ஒரு வயர்

சேவூரில் எங்களுக்கு வாடகை வீடு கிடைக்க நான்கு மாதம் ஆனது. தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. நான் அங்கே தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். என் கணவருக்குச் செய்யாற்றில் அலுவலக வேலை. வெம்பாக்கம் பக்கத்தில் கூலிக்கு நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில் படித்து வந்தவர்கள் நாங்கள் இருவரும். வீடு கேட்டுப் போன இடங்களில் சொந்த ஊரைக் கேட்பார்கள். அப்புறம் ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். அதற்கும் பதில் சொன்னதும் "ஊட்ட இப்ப வாடகைக்கு விடறதா இல்லீங்க" என்று கதவைச் சாத்திவிடுவார்கள்.

அப்படிச் சாத்தாமல் சாவியைக் கையில் கொடுத்தவர் ஒரு பட்டு நெசவாளியின் மனைவி. நாற்பத்தைந்து வயது இருக்கும். அவரை நான் அக்கா என்றேன், அவர் என்னை டீச்சர் என்றார். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் அவர்களும் தறியும், இந்தப் பக்கம் நாங்கள். பின்கட்டு மட்டும் பொது.

"ஒண்ணே ஒண்ணு டீச்சர். சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. இங்க தட்டுனா அந்தாண்ட பாவு மேல சுண்ணாம்பு உதிருது. பட்டுல பட்டுச்சின்னா கறை. அப்புறம் சேலையே பேஜாரு."

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் நூலைத்தான் பாவு என்பார்கள். ஒரு பாவு தறியேறினால் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் தலையாட்டினேன்.

அடுத்த ஆண்டு டி.வி. வாங்கினோம். கேபிள்காரர் சுத்தியலும் கிளிப்புமாக வந்தார். ஆணி அடிக்கக் கூடாது என்றதும் அவருக்குக் கோபம். பின்பக்க ஜன்னல் வழியாக வயரை உள்ளே விட்டு, துணிக்கொடி மாதிரிக் கூடத்தின் குறுக்கே தொங்கவிட்டுப் போய்விட்டார். என் கணவர் நிமிர்ந்தால் கழுத்தில் மாட்டியது. நான்கு வயது மகள் அதில் துண்டைக் காயப்போட்டாள்.

எனக்கு வீடு நறுவிசாக இருக்க வேண்டும். நம் வீட்டுக்குள் எவராவது எட்டிப் பார்த்தால் ஒரு குறை சொல்லக் கூடாது என்பது அந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்தே எனக்குள் ஒரு பிடிவாதமாக இருந்தது. முதலில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் வாங்கி வந்து வயரைச் சுவரில் ஒட்டினேன். மறுநாள் காலை வயர் தரையில் கிடந்தது. சுவரில் தங்கியிருந்த டேப்பை உரித்தபோது உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையும் சேர்ந்து வந்துவிட்டது. சுண்ணாம்பில் இரண்டு சொட்டு நீலம் கலந்து, பழைய நிறம் வரும்வரை கொட்டாங்குச்சியில் குழைத்துப் பார்த்து, அக்கா ஆரணி டவுனுக்குப் போன நேரத்தில் பூசி மறைத்தேன்.

அதற்குப் பிறகுதான் யோசித்துச் செய்தேன். வயரின் பாரத்தைச் சுவர் தாங்கக் கூடாது, வேறு ஏதாவது தாங்க வேண்டும். மரக்கடையில் ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டம் ஒன்று வாங்கி, ஜன்னல் சட்டத்தை ஒட்டி நிற்கவைத்து, வயரை அதன் முதுகில் நூலால் கட்டினேன். தரையும் சுவரும் சேரும் மூலையில் வயரைப் படுக்கவைத்தேன். அக்கா வீட்டிலிருந்து சேலை வைக்கும் அட்டைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, நீள நீளமாக வெட்டி, நடுவில் மடித்து, மேலே மூடினேன். அட்டைக்கும் ரீப்பருக்கும் சுவரின் நிறத்தையே அடித்தேன். வயர் உள்ளே நுழையும் இடத்தில் ஆடாமல் இருக்க, ஜன்னலின் இரும்புக் கம்பியில் மூன்று சுற்று சுற்றி இறுக்கினேன்.

அக்கா வந்து பார்த்தார். கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"வயரு எங்க டீச்சர்? சுவத்தோட சுவரா பூட்டுதே!"

பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்த அன்றுகூட நான் அவ்வளவு பூரித்துப் போனதில்லை.

மழைக்காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை முதல் பெய்த மழை பத்து மணிக்கு விட்டது. நான் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வாளியில் துவைத்த துணியோடு வந்தார். துணி உலர்த்தும் கம்பியின் ஒரு முனை எங்கள் பின்ஜன்னலில் கட்டியிருந்தது, மறுமுனை வேப்பமரத்தில். வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் துணியை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சத்தமே வரவில்லை. பற்கள் கிட்டித்திருந்தன. கண்கள் என்னைப் பார்த்தபடி இருந்தன, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. உடம்பு மெல்ல அதிர்ந்தது. வலிப்பு என்று நினைத்து எழுந்து ஓடினேன்.

"தொடாதீங்க! டீச்சர், தொடாதீங்க!"

தறியிலிருந்து எழுந்து வந்த அக்காவின் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், என்னைத் தோளில் இடித்துத் தள்ளினார். கொடிக்கு முட்டுக்கொடுத்திருந்த மூங்கில் கழியை உருவி அக்காவின் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். இரண்டாவது அடியில் கை விட்டது. அக்கா ஈரத் தரையில் விழுந்தார். உள்ளங்கையில் கம்பி பதிந்திருந்த இடம் கறுத்துப் போயிருந்தது. தீய்ந்த வாடை அடித்தது. மூச்சு இருந்தது.

அண்ணன் ஓடிப்போய் இரண்டு வீட்டு மெயினையும் அணைத்துவிட்டு, ஆட்டோவில் அக்காவை அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். என் கணவரும் கூடப் போனார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்கட்டின் கதவில் சாய்ந்து நின்றேன்.

தெருக்கோடியிலிருந்து எலக்ட்ரீசியன் வந்தார். டெஸ்டரைத் துணிக்கம்பியில் வைத்தார். சிவப்பாக எரிந்தது. மெயின் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் வைத்தார். மறுபடியும் எரிந்தது.

"மெயினு ஆஃப்ல கீது. அப்புறம் எப்படிங்க எரியுது?"

அவர் முகம் வெளிறிப் போனது. ஜன்னல் கம்பியில் வைத்தார், அங்கும் எரிந்தது. உள்ளே வந்து கூடத்துச் சுவரை மேலும் கீழும் பார்த்தார். தடவக்கூடச் செய்தார்.

"இங்க வயரே இல்லையேங்க."

நான் சுவர் மூலையில் மூடியிருந்த அட்டையைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டு மின்சாரம் இல்லை இது. தெருவிலிருந்து கேபிள் வழியாக வருகிறது. நான் இறுக்கிச் சுற்றிய சுற்றில் துருப்பிடித்த கம்பி வயரின் தோலை அறுத்திருக்கிறது.

ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுத இன்றும் கூசுகிறது. இந்த வீடும் போய்விட்டால் இந்த ஊரில் எங்களுக்கு இன்னொரு வீடு கொடுப்பது யார் என்று, அக்கா உயிரோடு திரும்புவாரா என்பது தெரியாத அந்த நேரத்தில், என் மனம் கணக்குப் போட்டது. எலக்ட்ரீசியன் பையை மூடினார். ஈரம் காய்ந்ததும் நாளை வந்து பார்ப்பதாகச் சொல்லி வாசல்படி இறங்கினார். அப்போது மகள் என் இடுப்பிலிருந்து நழுவி ஜன்னலை நோக்கி நடந்தாள்.

நான் போட்ட கூச்சலில் அவர் படியிலிருந்து திரும்பி ஓடிவந்தார். மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, "வயர் இருக்குது அண்ணே. நான்தான் மறைச்சு வச்சேன்" என்றேன். துடைப்பக்கட்டையால் அட்டைகளைத் தட்டிவிட்டேன். அவர் ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் ஜன்னலுக்கு வெளியே வயரை வெட்டினார். வெட்டிய இடத்தில் பொறி பறந்தது. டி.வி. பார்க்கும் வயரில் பொறி பறப்பதை அவரும் அன்றுதான் முதல்முறை பார்த்தாராம்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் பெரிய கட்டு.

"அக்கா, அது நான் கட்டுன வயருங்க."

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு அக்கா கேட்டார்:

"பாப்பா எங்க?"

"ஊட்ல. அவங்க அப்பாகிட்ட."

"தெனமும் அந்த ஜன்னல் மேல ஏறி நின்னுகினு தானே காக்காவுக்குச் சோறு வைக்கும்?"

நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். தினமும் அவள் அங்கே ஏறுவது அதுவரை எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. அவர் நல்ல கையால் என் தலையைத் தன் பக்கம் இழுத்தார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

மறுநாள் மின்வாரியத்து ஆட்கள் வந்தார்கள். தெருமுனைக் கம்பத்தில் கேபிள் வயர் மின்கம்பியோடு உரசி உரசித் தேய்ந்திருந்தது. கேபிள்காரரும் வந்து நின்றார். அவரிடம் கேட்டபோது சாதாரணமாகச் சொன்னார்: "மழை நாள்ல லேசா அடிக்கும்ங்க. வயரைத் தொடாம படம் பாத்தா ஒண்ணும் ஆவாது."

நான் திகைத்துப் போய்ச் சுற்றிலும் பார்த்தேன். நின்றிருந்த பெண்களில் ஒருவர், "ஆமா, எங்க பொட்டியத் தொட்டாகூட சுர்ருங்கும். அதான் ஈரத்துணி போட்டுத் தொடைக்கறதில்ல" என்றார். இன்னொருவர் தன் வீட்டில் செருப்புப் போட்டுக்கொண்டுதான் சேனல் மாற்றுவதாகச் சொன்னார். தெருவில் பாதிப் பேருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எல்லோரும் அதை டி.வி.யின் குணம் என்று நினைத்திருக்கிறார்கள்.

மின்வாரியத்து ஆட்கள் கம்பங்களில் ஓடிய கேபிள் வயர்களையெல்லாம் வெட்டிக் கீழே போட்டுவிட்டுப் போனார்கள். அன்று மாலை தொடர் பார்க்க முடியவில்லை. அடுத்த நாளும் முடியவில்லை. மூன்றாம் நாள் குழாயடியில் நான் குடத்தோடு நின்றபோது எனக்குக் கேட்கும்படியே பேசினார்கள்.

"தெருவுக்கே டி.வி. பூடுச்சு. யாரால?"

"நேத்து வந்தவங்களால. அவங்க ஊருப் பக்கம் இதையெல்லாம் எங்க பாத்திருக்கப் போறாங்க."

குடம் நிரம்பி வழிந்ததை நான் கவனிக்கவில்லை. வீட்டு வாசலில் நின்றிருந்த அக்கா, கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி வந்தார்.

"கருகுனது எங் கை. செத்திருந்தா நான் செத்திருப்பேன். உங்களுக்கு இன்னா, நாடகம் போச்சா? அந்தப் பொண்ணு வாயைத் தொறந்து சொல்லலன்னா நாளைக்கு உங்க ஊட்டுப் புள்ள போயிருக்கும். ஜல்தியா தண்ணியப் புடிச்சிகினு போங்க."

அவர்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு கலைந்து போனார்கள். வாயைத் திறப்பதற்கு முன் நான் எவ்வளவு நேரம் மூடியிருந்தேன் என்பது அக்காவுக்குத் தெரியாது என்று நினைத்தேன். அன்றைக்கே அவரிடம் அதையும் சொல்லிவிட்டேன். "தெரியும், எலக்ட்ரிக்காரரு சொன்னாரு" என்றார், அவ்வளவுதான்.

அவர் கை ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. உள்ளங்கையின் சொரசொரப்பில் பட்டிழை சிக்கிக்கொள்ளும் என்பதால் நூல் சுற்ற முடியவில்லை. மாலைகளில் நான் ராட்டையில் உட்கார்ந்து சுற்றிக் கொடுத்தேன். அவர் பக்கத்தில் இருந்துகொண்டு, "மெதுவா, மெதுவா" என்பார். சமைத்தும் கொடுத்தேன். அதுவரை எங்கள் வீட்டுச் சோறு அந்தப் பக்கம் போனதில்லை. அக்கா சாப்பிட்டார். அண்ணன் ஹோட்டலிலிருந்து பொட்டலம் வாங்கி வந்து தனியாகச் சாப்பிட்டார். அதைப் பற்றி நாங்கள் மூவரும் எதுவும் பேசிக்கொண்டதில்லை.

கேபிள்காரர் தனியாகக் குழாய்க் கம்பங்கள் நட்டு, வயர்களை மின்கம்பத்துக்கு எட்டாமல் இழுத்தார். இணைப்பு வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். பழைய வயரைப் பார்த்தாலே எனக்கு அந்தத் தீய்ந்த வாடை வந்தது. அந்த வாரத்திலேயே அக்கா வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் ஒரு சின்ன டி.வி.யை இறக்கினார். அவர்கள் வீட்டில் அதுவரை டி.வி. கிடையாது. அக்கா என் கதவைத் தட்டினார்.

"கை சும்மா கிடந்தா பைத்தியம் புடிக்குது டீச்சர். வயரு நீங்களே போட்டுக் குடுங்க. கேபிள்காரரு போட்டா அசிங்கமா தொங்கும்."

"நானா?" என்றேன்.

"வேற யாரு? உங்க கைக்குத்தான் நீட்டா வரும்."

விளையாடுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. நான் கடைக்குப் போய் ஒரு டெஸ்டரும் ஐந்தடி பிளாஸ்டிக் குழாயும் வாங்கி வந்தேன். இரும்பு எதிலும் படாமல், மரச்சட்டத்தின் வழியாக, குழாய்க்குள் விட்டு வயரைக் கொண்டுவந்தேன். மறைக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். அண்ணன் தறியை நிறுத்திவிட்டு என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சர், எனக்கு மட்டும் வெளியில தெரியுது?" என்றார் அக்கா.

"தெரியட்டும் அக்கா."

அவர் சிரித்துக்கொண்டே இடது கையை சுவிட்சின் பக்கம் நீட்டினார். நான் அவரைத் தடுத்து, புறங்கையால் ஒருமுறை பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். பிறகுதான் விட்டேன். படம் வரும்வரை நானும் அண்ணனும் மூச்சுவிடவில்லை.